ஓரெழுத்துத் திரியின் உடல் திரியும்



எழுத்தொன்று மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மரம் வேறு, மறம் வேறு. அரம் வேறு, அறம் வேறு. ஒற்றொன்று மிகினும் குன்றினும் தொடரின் கருத்தே தலைகீழாகிவிடும். ஏட்டில் நேரும் அத்தகைய பிழையைக் கற்றவர் ஒருவர் கண்டு திருத்திவிடலாம். மாந்தன் உடலுக்குள்ளும் ஓர் ஏடு உண்டு. அதனை ஓயாது படித்துப் பொருளாக்கும் படிப்பாளியும் அங்கே உண்டு. அப் படிப்பாளிக்குப் படிக்கத் தெரியுமேயன்றித் திருத்தத் தெரியாது. ஆதலின், ஏட்டில் உள்ள பிழை எழுத்தளவில் நின்றுவிடாமல் குருதியாகவும் தசையாகவும் வடிவெடுத்துவிடுகிறது.

இங்ஙனம் எழுத்து மாறிய மக்களுள் சிலர், மாற்றம் ஒன்று தம்மிடம் உண்டென்பதே அறியாது நெடிது வாழ்கின்றனர். சிலர் எலும்பும் தசையும் நோக வாழ்நாளெல்லாம் துன்புறுகின்றனர். சில குழந்தைகள் திங்கள்தோறும் பிறர் குருதியை ஏற்றே உயிர் தரிக்கின்றன. மாற்றமோ ஓரெழுத்து, விளைவு இத்துணை வேறுபடுவது ஏன்? விடை, மாற்றத்தின் அளவில் இல்லை. அவ் வேடு படிக்கப்படும் முறையில் இருக்கிறது. அதனை விளங்கிக்கொண்டால், நோயின் தன்மை தெரிவதோடு, நோயுற்றோர்மேலும் அவரைப் பெற்றோர்மேலும் சுமத்தப்படும் பொய்ப்பழியும் நீங்கும்.

ஏடும் படியும்

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நெடிய இழை சுருண்டு கிடக்கிறது. முப்பது முதலெழுத்துகளைக் கொண்டு தமிழ் தன் சொற்கடலைப் படைத்துக்கொண்டது. உயிருலகமோ நான்கே எழுத்துகளைக் கொண்டு தன்னைப் படைத்துக்கொண்டது. அடினின், குவானின், சைட்டோசின், தைமின் என்பன அந் நான்கு. மாந்தன் ஏட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் புரதம் ஆக்கும் குறிப்புகளைத் தாங்கிய பகுதிகள், அஃதாவது மரபணுக்கள், ஏறத்தாழ 20,000.

மூல ஏடு உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. அரிய சுவடியை அறையிலேயே காத்து வைத்து, வேண்டுவார்க்குப் படி மட்டும் எடுத்துக் கொடுப்பதுபோல், வேண்டிய பகுதிக்கு ஆர்.என்.ஏ. என்னும் படி எடுக்கப்படுகிறது. அப் படியில் தைமினுக்கு மாற்றாக யுராசில் வரும். எளிமை கருதி இப் படியின் நான்கு எழுத்துகளையும் அ, கு, சை, யு எனக் குறித்துக்கொள்க.

எடுத்த படியிலும் பொருளற்ற இடைச்செருகல்கள் இருக்கும். அவை வெட்டி நீக்கப்பட்டு, பொருளுள்ள பகுதிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படும். இங்ஙனம் செப்பம் செய்யப்பட்ட படியே தூது ஆர்.என்.ஏ. என்று பெயர் பெற்று உட்கருவை விட்டு வெளியேறுகிறது.

வெளியே அதனை எதிர்கொள்வது இரைபோசோம் என்னும் நுண்பொறி. படியின் எழுத்துகளை அது மும்மூன்றாகப் படிக்கும். மூவெழுத்துக் கூட்டம் ஒவ்வொன்றும் ஒரு சொல். அதனை மும்மை என்க. ஒவ்வொரு மும்மைக்கும் உரிய அமினோக் காடி ஒன்று உண்டு. பள்ளி நூல்களில் அமினோ அமிலம் என வழங்குவது இதுவே. அக் காடியைக் கொணர் ஆர்.என்.ஏ. என்னும் சுமையாள் தூக்கி வருவான். வரிசையாக வரும் காடிகள் ஒன்றோடொன்று கோக்கப்படும். கோத்து முடிந்த சரமே மடிந்து உருப்பெற்றுப் புரதமாகிறது. எழுத்து மொழியில் உள்ளதைக் காடிகளின் மொழிக்கு மாற்றுவதால், அறிவியலார் இச் செயலை மொழிபெயர்ப்பு என்றே அழைக்கின்றனர்.

நான்கு எழுத்துகளை மும்மூன்றாகச் சேர்த்தால் 64 சொற்கள் கிடைக்கும். அவற்றுள் 61 சொற்கள் காடிகளைக் குறிக்கும். யு-அ-அ, யு-அ-கு, யு-கு-அ என்னும் மூன்றும் காடி எதனையும் குறியா. "இங்கு நிறுத்துக" என்பதே அவற்றின் பொருள். அ-யு-கு என்பது தொடக்கச் சொல். காடிகள் 20 மட்டுமே ஆதலின், ஒரு காடிக்குப் பல சொற்கள் அமைவதும் உண்டு. ஒரு பொருட் பன்மொழி உடலுக்குள்ளும் இருக்கிறது என்று அறிக.

இந்த அகரமுதலியின் முதற்சொல் 1961-இல் படிக்கப்பட்டது. அமெரிக்காவில் நைரென்பர்கு, மத்தேய் என்னும் இருவர், யுராசில் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ. இழையை இரைபோசோமுக்குக் கொடுத்தனர். பினைல் அலனின் என்னும் ஒரே காடியாலான சரம் வெளிவந்தது. யு-யு-யு என்பதன் பொருள் பினைல் அலனின் என்பது தெளிந்தது. 1966-க்குள் 64 சொற்களுக்கும் பொருள் காணப்பட்டுவிட்டது. இப் பணிக்காக நைரென்பர்கு, அர் கோபிந்து குரானா, இராபர்ட்டு ஆலி ஆகிய மூவரும் 1968-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

படிப்பாளியாகிய இரைபோசோமின் உருவத்தை அணு அணுவாக வரைந்து காட்டியமைக்காக 2009-இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வேங்கடராமன் இராமகிருட்டிணன். இரைபோசோமின் சிறுகூற்றை அவர் ஆய்ந்தார். மும்மையும், சுமையாள் தாங்கி வரும் எதிர்மும்மையும் செவ்வனே பொருந்துகின்றனவா என்று அப் பொறி எவ்வாறு ஒத்துப் பார்க்கிறது என்பது அவ் வாய்வால் விளங்கிற்று. பொருந்தாச் சுமையை அது பெரும்பாலும் தள்ளிவிடும். எனினும், அதன் விழிப்பு அவ்வளவே. படியில் உள்ள சொல்லுக்கு உரிய காடி வந்ததா என்று பார்க்குமேயன்றி, படியில் உள்ள சொல் அவ்விடத்துக்கு உரியதுதானா என்று அது பார்ப்பதில்லை. நூலாசிரியன் பிழையை எழுதியிருந்தால், அப் பிழையையே பிழையின்றி மொழிபெயர்க்கும் பெயர்ப்பாளன் அது.

எழுத்து மாறும் மூவகை

எழுத்துக்கு நேரும் மாற்றத்தைத் தமிழ் இலக்கண நூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தனர். புதிதாய் ஓரெழுத்து வருதல் தோன்றல். ஓரெழுத்து மற்றொன்றாதல் திரிதல். இருந்த எழுத்து இல்லாது போதல் கெடுதல். மரபணுவின் சிறு மாற்றங்களும் இம் மூவகைக்குள் அடங்கும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இலக்கணத்தில் வரும் மாற்றம் நெறிப்பட்டது; சொற்கள் புணரும்போது ஓசை நயம் கருதி நேர்வது. மரபணுவில் வரும் மாற்றமோ, படியெடுக்கும்போது தவறியும், கதிர்வீச்சாலும், சில வேதிப் பொருள்களாலும் குறிக்கோளின்றி நேர்வது.

இம் மூன்றன் விளைவையும் அறிய ஒரு தொடரைக் காண்க.

நிலம் பயிர் தரும் மரம் பழம் தரும்.

இத் தொடரில் சொல் ஒவ்வொன்றும் மூன்றெழுத்து. பழைய ஓலைச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. அவ்வாறே தூது ஆர்.என்.ஏ. இழையிலும் இடைவெளியும் இல்லை. நிறுத்தக் குறியும் இல்லை. தொடங்கிய இடத்திலிருந்து மும்மூன்றாக எண்ணிக்கொண்டு போவதே படிக்கும் முறை.

இனி, "நிலம்" என்பது "நிலன்" எனத் திரிந்தால் என்னாகும்? எழுத்து மாறிற்று, பொருள் மாறவில்லை. இதனை இலக்கணத்தார் போலி என்பர். "பழம்" என்பது "பணம்" எனத் திரிந்தால் ஒரு சொல்லின் பொருள் மட்டும் மாறும். ஏனைய சொற்கள் அப்படியே நிற்கும். "நிலம்" என்பதில் லகரம் கெட்டால் என்னாகும்? மும்மூன்றாகவே படிக்க வேண்டும் என்னும் நெறியை விடாது படித்துப் பார்க்க: நிம்ப, யிர்த, ரும்ம, ரம்ப, ழம்த, ரும். பிழை ஓரிடத்தில்; குலைந்ததோ அவ்விடத்துக்குப் பின்வந்த தொடர் முழுவதும். ஓரெழுத்துப் புதிதாய்த் தோன்றினாலும் இதுவே நேரும்.

இதனை ஆய்வால் நிறுவியவர்கள் கேம்பிரிட்சில் இருந்த பிரான்சிசு கிரிக்கு, சிட்னி பிரென்னர் முதலியோர். பாக்டீரியாவைத் தாக்கும் நச்சுயிரி ஒன்றின் மரபணுவில் எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் 1961-இல் அவர்கள் பார்த்தனர். ஓரெழுத்துக் கூடினால் மரபணு பயனற்றுப் போயிற்று. இரண்டு கூடினாலும் அவ்வாறே. அணித்தணித்தே மூன்று கூடியபோதோ, செயல் மீண்டது. கூடிய ஒன்றுக்கு அருகில் ஒன்று குறைந்தபோதும் மீண்டது. உயிரின் மொழி மும்மூன்றாகவே படிக்கப்படுகிறது என்பதற்கு இது வலிய சான்றாயிற்று.

ஆறாம் சொல்லின் கதை

உவமை இவ்வளவு போதும். இனி மெய்யான உடலில் காண்க. குருதிச் செவ்வணுக்களில் உயிர்வளியைச் சுமக்கும் புரதம் ஈமோகுளோபின். வளர்ந்தோரிடத்து அதில் பெரும்பாலும் 141 காடிகள் கொண்ட ஆல்பாச் சரம் இரண்டும், 146 காடிகள் கொண்ட பீட்டாச் சரம் இரண்டும் இருக்கும். பீட்டாச் சரத்தின் ஆறாம் சொல் கு-அ-கு. அதன் பொருள் குளுட்டாமிக் காடி.

இந்த ஒரு சொல்லில் நேரக்கூடிய மாற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணுக.

மூன்றாம் எழுத்தாகிய கு, அ எனத் திரிந்தால் சொல் கு-அ-அ ஆகும். அதற்கும் பொருள் குளுட்டாமிக் காடியே. இது போலி, சரத்தில் மாற்றம் இல்லை.

நடு எழுத்தாகிய அ, யு எனத் திரிந்தால் சொல் கு-யு-கு ஆகும். அதன் பொருள் வேலின் என்னும் காடி. குளுட்டாமிக் காடி மின்னேற்றம் உடையது, நீரோடு உறவாடுவது. வேலினோ நீரை வெறுப்பது. உயிர்வளியை இறக்கிய நிலையில், இவ் வேலின் அண்டை ஈமோகுளோபினில் உள்ள பள்ளம் ஒன்றில் சென்று பொருந்திக்கொள்ளும். ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அவை நீண்ட நார்களாகும். நார்கள் விறைத்து நிற்க, வட்டமாய் நெகிழ்ந்திருந்த செவ்வணு அரிவாள்போல் வளைந்துவிடும். வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும். அடைத்த இடமெல்லாம் பொறுக்கலாற்றா நோவு எழும். 120 நாள் வாழ வேண்டிய செவ்வணு 10 முதல் 20 நாள்களில் அழிந்துபோகும். இதுவே அரிவாள் அணுச் சோகை.

அதே சொல்லின் முதலெழுத்தாகிய கு, அ எனத் திரிந்தால் அ-அ-கு ஆகும். பொருள் இலைசின் என்னும் காடி. மேற்கு ஆப்பிரிக்க மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் இத் திரிபு, பெற்றோர் இருவர் வழியும் வந்தாலும் பெரும்பாலும் மென்மையான சோகையையே தரும். இடம் ஒன்றே, வந்த காடி வேறு, ஆதலின் துன்பமும் வேறு.

இனி, அதே சொல்லின் நடு எழுத்துத் திரியாமல் அறவே கெட்டால்? கு-அ-கு, கு-அ-கு, அ-அ-கு, யு-சை-யு என்று போக வேண்டிய படிப்பு, கு-கு-கு, அ-கு-அ, அ-கு-யு, சை-யு-கு என்று தடம் மாறிப் போகும். காடிகள் எல்லாம் மாறும். அம்மட்டோடும் நில்லாது, 18-ஆம் இடத்தில் யு-கு-அ என்னும் நிறுத்தச் சொல் முன்வந்து நிற்கும். 146 காடிகள் கோக்க வேண்டிய பொறி 17 காடிகளோடு கையை எடுத்துவிடும். நடுநிலக்கடல் நாட்டு மக்களிடையே காணப்படும் பீட்டா தலசீமியாத் திரிபுகளுள் இதுவும் ஒன்று. எட்டாம் சொல்லுக்கும் ஒன்பதாம் சொல்லுக்கும் இடையில் குவானின் ஒன்று புதிதாய்த் தோன்றும் திரிபு இந்தியாவில் பலரிடம் உண்டு. அங்கே 22-ஆம் இடத்தில் நிறுத்தம் வந்துவிடும்.

ஆக, ஒரே சொல்லின் ஒரே எழுத்தாகிய நடு அகரம் திரிந்தால் அரிவாள் அணுச் சோகை, கெட்டால் தலசீமியா. முன்னதில் புரதம் உண்டு, ஆனால் தீயது. பின்னதில் புரதமே இல்லை. இவ் வேறுபாட்டை நெஞ்சில் நிறுத்துக.

முன்வந்த நிறுத்தமும் பின்சென்ற நிறுத்தமும்

எழுத்துக் கெடாமலும் தோன்றாமலும், திரிதல் ஒன்றாலேயே நிறுத்தச் சொல் முன்வருவதும் உண்டு. பீட்டாச் சரத்தின் 17-ஆம் சொல் அ-அ-கு. அதன் முதலெழுத்து யு எனத் திரிந்து யு-அ-கு ஆகிவிடுவதால் தலசீமியா வருவதை 1979-இல் அமெரிக்க ஆய்வர் கண்டனர். சார்தீனியாத் தீவில் 39-ஆம் சொல்லாகிய சை-அ-கு இவ்வாறே யு-அ-கு ஆகியிருப்பது மிகுதி.

இத்தகைய அரைகுறைப் படிகளை உயிரணு வாளா விட்டுவிடுவதில்லை. இடைச்செருகலை வெட்டி இணைத்த இடந்தோறும் அடையாளப் புரதம் ஒன்று ஒட்டியிருக்கும். முதன்முறை படித்துச் செல்லும் இரைபோசோம் அவ் வடையாளங்களை உதிர்த்துக்கொண்டே போகும். இடையிலேயே படிப்பு நின்றுவிட்டால், அப்பால் உள்ள அடையாளம் உதிராமல் நிற்கும். அதனைக் காவற் புரதங்கள் கண்டு, இப் படி பழுது என்று தெளிந்து, படியையே சிதைத்துவிடும். சொல் திரிந்ததை அறியாத உயிரணு, நிறுத்தம் முந்தியதை மட்டும் இவ்வாறு அறிந்துகொள்கிறது.

இக் காவலின் அருமை, அது தவறும் இடத்தில் தெரியும். பீட்டா மரபணுவின் இறுதிப் பகுதியில், 121-ஆம் சொல் நிறுத்தமாகத் திரிவதுண்டு. அதற்கப்பால் இணைப்பும் இல்லை, அடையாளமும் இல்லை. ஆதலின், காவல் அதனைக் காண்பதில்லை. குறைச் சரங்கள் உருவாகிச் செவ்வணுவின் கருவிலேயே குவிந்து கேடு செய்யும். ஏனைய தலசீமியாத் திரிபுகளுள் பெரும்பாலானவை பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தாலன்றி நோயாவதில்லை. இதுவோ ஒருவரிடமிருந்து வந்தாலே நோயாகிவிடும். பொய்ப்பொருள் ஒன்று இருப்பதினும், அறவே இல்லாதிருப்பது சில வேளை நன்று போலும்!

நிறுத்தச் சொல் பிந்துவதும் உண்டு. ஆல்பாச் சரத்தின் முடிவில் உள்ள யு-அ-அ, சை-அ-அ எனத் திரிந்தால், இரைபோசோம் முடிவை அறியாது மேலும் 31 காடிகளைக் கோத்துக்கொண்டு போகும். 141 காடிச் சரம் 172 காடிச் சரமாகிறது. யமைக்காவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தில் 1971-இல் அறியப்பட்ட இத் திரிபு, தென்கிழக்கு ஆசிய நாடுகளில் மிகுதி. அங்கும் தூது இழை நிலைகொள்ளாது சிதைந்து, ஆல்பாச் சரம் மிகக் குறைவாகவே கிடைக்கும்.

இவையனைத்தும் பொருளுள்ள பகுதியில் நேர்ந்த மாற்றங்கள். பொருளற்ற இடைச்செருகலில் நேரும் மாற்றமோ இவற்றுக்குக் குறைந்ததன்று. இந்தியாவில் மிகப் பலரிடம் காணப்படும் பீட்டா தலசீமியாத் திரிபு, முதல் இடைச்செருகலின் ஐந்தாம் எழுத்தாகிய குவானின் சைட்டோசினாகத் திரிவதே. அதனால் வெட்ட வேண்டிய இடம் தவறுகிறது. வெட்டுத் தவறிய படி, மொழிபெயர்ப்புக்கு உதவாத படியாகிறது.

தசையின் உறுதிக்கு வேண்டிய டிசுட்ரோபின் என்னும் புரதத்தின் மரபணுவில், இவ் வுண்மை இன்னும் வியப்புறத் தோன்றும். அங்கே பெரும்பகுதி கெட்டும் மும்மூன்றாகப் படிக்கும் தடம் குலையாதிருந்தால், பெரும்பாலும் மென்மையான பெக்கர் தசைநலிவு வரும். அதனினும் சிறுபகுதி கெட்டுத் தடம் குலைந்தால், சிறுவரை இளமையிலேயே நடக்கவொட்டாமற் செய்யும் கொடிய தூசென் தசைநலிவு வரும். இழந்த எழுத்தின் தொகை கேட்டை அளப்பதில்லை. எஞ்சிய எழுத்து எங்ஙனம் படிக்கப்படுகிறது என்பதே அளக்கிறது.

பழி யாருக்கு?

இக் கருத்துகள் ஆய்வகத்துக்கு மட்டும் உரியவை என்று எவரும் எண்ணற்க. அரிவாள் போன்ற செவ்வணுக்களைச் சிகாகோவில் எரிக்கு என்னும் மருத்துவர் உலகுக்கு அறிவித்தது 1910-இல். ஈமோகுளோபின் என்னும் பொருளே இதில் வேறுபட்டுள்ளது என்று பாலிங்கும் அவர்தம் துணைவரும் காட்டியது 1949-இல். குளுட்டாமிக் காடிக்கு மாற்றாக வேலின் இருப்பதை வெர்னான் இங்கிராம் கேம்பிரிட்சில் கண்டு அறிவித்தது 1957-இல். இவற்றுக்கு இடையே, 1952-இல், நீலமலைப் பழங்குடியினரிடம் இத் திரிபு இருப்பதை இலேமன், கட்புசு என்னும் இருவர் வெளியிட்டனர். இருளர், பணியர், குறும்பர் முதலிய மக்களிடையே இத் திரிபு வழிவழியாக வருகிறது. ஆறாம் சொல்லின் கதை தமிழ் மண்ணின் கதையும் ஆகும்.

ஒவ்வொருவரிடமும் பீட்டா மரபணு இரண்டு உண்டு. ஒன்று தந்தை வழி, மற்றொன்று தாய் வழி. ஒன்றில் மட்டும் திரிபு உடையவர் நோயர் அல்லர். அதனைத் தாங்கிச் செல்வோர் மட்டுமே. மற்றை மரபணுவின் நல்ல படி, வேண்டிய அளவு நற்சரத்தை ஆக்கித் தந்துவிடும். தாங்கிகள் இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாங்கியாக இருக்க நான்கில் இரு பங்கு. திரிபே இல்லாதிருக்க நான்கில் ஒரு பங்கு. உறவுக்குள் மணம் புரியுமிடத்து, இருவரிடமும் ஒரே திரிபு இருக்கும் வாய்ப்பு மிகும்.

இக் கணக்கை அறியாத இல்லங்களில், நோயுற்ற குழந்தையைப் பெற்றவள் மேலேயே பழி சுமத்தப்படுகிறது. "அவள் வயிற்றுக் குற்றம்" என்பார் உளர். "முன்வினை" என்பாரும் உளர். பீட்டாச் சரத்தின் ஆறாம் சொல், தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாக இரண்டும் திரிந்தாலன்றி அரிவாள் அணுச் சோகை வாராது. அங்ஙனமிருக்கத் தாயை மட்டும் பழிப்பது எந்தக் கணக்கு? தந்தையைப் பழிப்பதும் அறமன்று. தம் முன்னோருள் யாரோ ஒருவர் ஏட்டில், எவரும் அறியாது, எவரும் விரும்பாது நேர்ந்த ஓரெழுத்து மாற்றத்தை அவர்கள் வாங்கி வந்தவர்கள், அவ்வளவே.

அவ் வெழுத்துத்தானும் முழுக்கேடு என்று சொல்லிவிடல் இயலாது. ஒற்றைத் திரிபைத் தாங்கியவரைக் கொடிய மலேரியாக் காய்ச்சல் எளிதில் வீழ்த்துவதில்லை என்பதை 1954-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் அலிசன் காட்டினார். கொசு மிகுந்த காடுகளிலும் தாழ்நிலங்களிலும் வாழ்ந்த மக்களிடையே இத் திரிபு அழியாது நிலைத்ததற்கு அதுவே கரணியம். ஓர் இடத்தில் கேடயமாவது, இரட்டித்தவிடத்து வாளாகிறது.

செய்யத் தக்கவை

நோய்க்குத் தீர்வு உண்டா என்றால், உண்டு, எளிதன்று. கருவில் இருக்கும் குழந்தைக்குப் பீட்டாச் சரத்தின் இடத்தில் காமாச் சரம் என்னும் வேறொன்று இருக்கும். பிறந்தபின் அதன் ஆக்கம் படிப்படியாக அடங்கிவிடும். அதனை மீண்டும் ஓரளவு எழுப்பினால், அரிவாள் நார்கள் உருவாவது தடைப்படும். ஐடிராக்சியூரியா என்னும் மருந்து இதனைச் செய்கிறது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் மரபணுச் செப்ப மருத்துவம் ஒன்றுக்கு இசைவு அளித்தன. அதுவும் ஆறாம் சொல்லைத் திருத்துவதன்று. காமாச் சரத்தை அடக்கி வைத்திருக்கும் பூட்டைத் திறப்பதேயாம். அமெரிக்காவில் அதற்குக் குறிக்கப்பட்ட விலை 22 இலக்கம் டாலர். நீலமலைச் சரிவில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அவ் விலை எட்டாக்கனி. பொருந்தும் எலும்பு மச்சை கிடைத்தால் அதனை மாற்றி வைத்தும் நோயைப் போக்கலாம். எல்லார்க்கும் அது கிட்டுவதில்லை.

எல்லார்க்கும் கிட்டத்தக்கது அறிவு ஒன்றே. சிறிதளவு குருதியைக் கொண்டு, ஒருவர் தாங்கியா அல்லரா என்பதை அறிந்துவிடலாம். மணத்துக்கு முன்னரே, அல்லது மகவு வேண்டுமுன்னரே, இருவரும் அதனை அறிந்துகொண்டால், எதிர்கொள்ளப் போவது யாது என்பதை அவர்கள் தெளிந்து முடிவு செய்ய இயலும். 2047-க்குள் அரிவாள் அணுச் சோகையை ஒழிக்க வேண்டும் என்னும் குறிக்கோளோடு இந்திய அரசு 2023-இல் திட்டம் ஒன்றைத் தொடங்கியுள்ளது. குருதி பார்ப்பது மட்டும் அத் திட்டத்தை வெற்றி பெறச் செய்யாது. தாளில் "தாங்கி" என்று எழுதிக் கொடுத்தால், அச் சொல்லின் பொருளைப் பெற்றோருக்கும் மணமக்களுக்கும் அவர்தம் தாய்மொழியில் விளக்குவார் வேண்டும். விளங்காச் சொல் அச்சத்தைத் தரும். அச்சத்தால், நோயில்லாத பெண்ணும் பிள்ளையும் மணம் மறுக்கப்பட்டு ஒதுக்கப்படுவர். தாங்கி என்பது நோயன்று, இழிவன்று, மணத்துக்குத் தடையன்று என்பதையும், இருவரும் தாங்கியராயின் மட்டுமே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதையும் ஒரு சேரச் சொல்ல வேண்டும்.

அவையீர்! தோன்றல், திரிதல், கெடுதல் என்பவற்றைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியிலேயே கற்கின்றனர். அவ் விலக்கண வகுப்பில் மணித்துளிகள் பத்து ஒதுக்கி, அவர்தம் குருதிக்குள்ளும் எழுத்துகள் உண்டு, அவையும் இவ்வாறே மாறும், மாறியதை இரைபோசோம் மாறியபடியே படிக்கும் என்பதை ஆசிரியர் சொல்லித் தருவாராக. புரியாது என்று எவரும் தயங்க வேண்டா. நிலம், நிம்ப என்று ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே பிள்ளைகள் புரிந்துகொள்வர். அப் பிள்ளைகள் வளர்ந்து மணம் பேசும் நாளில், பையனின் குருதியையும் பெண்ணின் குருதியையும் ஒரு சேரப் பார்க்கச் சொல்வர். பெற்றவளைப் பழிக்கும் வாயை அடக்கவும் அறிவர்.